கரிசல் நாட்டில் பெண்ணின் பொதுவாழ்வு எத்தனை ஆண்டு?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில், நகரம் முடிவதற்கு முன்னால் வருவது வில்லாபுரம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபர் தேர்தல். அதில் வில்லாபுரம் பகுதியின் மாமன்ற உறுப்பினராக லீலாவதி வென்றார். நெசவுத் தொழிலாளி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், தேர்தலுக்கு முன்பிருந்தே ஜனநாயக மாதர் சங்கத்தில் வேலை செய்துவந்தவர். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில், தன் பகுதித் தெருவிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பதவியில் இருந்தது ஏறத்தாழ ஆறு மாதம்.

அவர் செய்த குற்றம் தண்ணீர் கேட்டது. வில்லாபுரத்து மக்கள் குடிநீரைக் குடம் கணக்கில் காசுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சிக் குழாய் வந்துவிட்டால் அந்த வியாபாரம் படுத்துவிடும். தண்ணீர் விற்றும் மாமூல் வாங்கியும் பிழைத்தவர்களுக்கு, மனு எழுதுவதோடு நிற்காமல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து வேலையை நடத்திக்காட்டுகிற ஒரு பெண் கவுன்சிலர் பெரிய தொந்தரவு. கொலைக்கு மறுநாள் ஏப்ரல் 24. ஊரக உள்ளாட்சிக்கு அரசியலமைப்பு அங்கீகாரம் தந்த 73-வது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்த நாள் அது. அதன் நான்காம் ஆண்டு நிறைவை மதுரை இப்படித்தான் எதிர்கொண்டது.

இந்தக் கட்டுரையின் களம் அந்தச் சாலை போய்ச் சேரும் ஊர்கள்: காரியாபட்டி, அருப்புக்கோட்டை, கிழக்கே திரும்பினால் திருச்சுழி, நரிக்குடி. அங்கே ஒரு பெண் பொதுவேலைக்கு வந்தால் அவளால் எத்தனை ஆண்டு அதில் நிற்க முடியும் என்பதே கேள்வி. பெண்கள் உள்ளாட்சிக்கு வந்துவிட்டார்களா என்ற கேள்விக்குச் சட்டம் எப்போதோ விடை சொல்லிவிட்டது. விருதுநகர் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள், 450 ஊராட்சிகள். அவற்றில் பாதிக்குக் குறையாத தலைவர் நாற்காலிகள் பெண்களுக்கு உரியவை. வந்தவர்கள் நிலைத்தார்களா என்பதை மட்டும் யாரும் அதிகம் கேட்பதில்லை.

வானம் பார்த்த பூமி என்பது இங்கே அலங்காரப் பேச்சு இல்லை. அருப்புக்கோட்டையைச் சுற்றிக் கரிசல்; பருத்தி, கம்பு, குதிரைவாலி, மல்லி, மிளகாய். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போகப்போகக் கண்மாய்ப் பாசனம். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் அந்தக் கண்மாயும் இல்லை. குண்டாறு திருச்சுழி வழியாகத்தான் கமுதிக்குப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான். காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீர் திருச்சுழிக்கு வந்து சேரும் நாளை இன்னும் யாரும் குறித்துச் சொல்லவில்லை. விளையாத நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டியது; அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது ஒரு பிழைப்பானது. அருப்புக்கோட்டை நகரம் தறியாலும் மல்லிகையாலும் பெயர் பெற்றது. 2011 கணக்கில் 87,722 பேர் வாழ்ந்த அந்த நகரத்துக்குக் குடிநீர் வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய்வழி வந்தாக வேண்டும். இரண்டுமே பக்கத்து ஆறுகள் இல்லை.

2018-இல் நடுவண் அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே. சிவகாசியின் ஆலைகளும் இராஜபாளையத்தின் மில்களும் உள்ள மாவட்டம் எப்படி அந்தப் பட்டியலில் வந்தது என்று வியப்பவர்கள் ஒருமுறை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்கு வந்து போகலாம்.

இப்படிப்பட்ட மண்ணில் குடத்தோடு நிற்பது பெண். ஆண் தறிக்கோ கட்டட வேலைக்கோ வெளியூருக்கோ போய்விடுகிறான். தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் எரிந்துவிட்டது, டேங்க் ஆபரேட்டர் ஒரு தெருவுக்கு அதிகமாகவும் இன்னொரு தெருவுக்குக் குறைவாகவும் திறந்துவிடுகிறார்: இந்த விவரங்களெல்லாம் முதலில் அவளுக்குத்தான் தெரியும். ஆகவே இங்கே பெண்ணின் பொதுவாழ்வு மேடையில் தொடங்குவதில்லை. காலிக்குடத்தோடு ரோட்டில் உட்காருவதில் தொடங்குகிறது. அடுத்த கட்டம் யூனியன் ஆபீஸ் வாசல். வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓவின் அறைக்குள் போய்ப் பேசத் தெரிந்த பெண் அதற்குப் பிறகு அந்த ஊரில் வேறு ஆளாகிவிடுகிறாள்.

தேர்தலுக்கு வெகு முன்பே அரசு இந்த ஊர்களில் பெண்களைப் பொதுவேலைக்கு எடுத்தது. 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டியில் முளைவிட்டு, ஆறு மாவட்டங்களுக்குப் பரவியது. அவற்றில் ஒன்று அன்றைய இராமநாதபுரம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 மார்ச்சில் காமராசர் மாவட்டம் பிரியும்வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ஊருக்கு ஒரு பெண் ஊட்டச்சத்துப் பணியாளர். மாதம் ஒருமுறை கைக்குழந்தைகளைத் தராசில் போட்டு எடை பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு உருண்டை. அடுத்து 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. (1977-இல் அவர் முதல்முறை முதலமைச்சரானபோது அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அருப்புக்கோட்டை.) பிள்ளைகளின் பசியைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஒவ்வொரு ஊரிலும் பெண்களுக்கு, அதிலும் விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை தந்து வேலை கொடுத்ததைப் பற்றிப் பேசியது குறைவு.

எடை அட்டை எழுதிய கை, அரிசி வரவு செலவு எழுதிய கை. பதிவேடு, இருப்பு, தணிக்கை, மேலதிகாரியின் திடீர் வருகை என்று நிர்வாகத்தின் அரிச்சுவடி இந்த வேலைகளில்தான் ஊர்ப் பெண்களுக்கு வந்து சேர்ந்தது. பிறகு வந்த மகளிர் சுயஉதவிக் குழு அந்தப் படிப்பைத் தொடர்ந்தது. 1983-இல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உருவானது. 1989-இல் தர்மபுரியில் குழுக்கள் தொடங்கின. 1997-98 முதல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவின. குழுவின் ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் தீர்மானம் எழுதவும் வங்கி மேலாளரிடம் பேசவும் தெரிந்தாக வேண்டும். நூறு நாள் வேலை இந்த மாவட்டத்துக்கு மூன்றாம் கட்டமாக 2008 ஏப்ரலில் வந்தது. கண்மாய்க் கரையில் முட்டளவு பார்த்து வேலை அளந்து, ஆள் வருகையைக் குறித்த பணித்தளப் பொறுப்பாளர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இவை எல்லாமே பாதியில் அறுந்துபோகக்கூடிய வேலைகள் என்பதையும் சொல்ல வேண்டும். கொடுமையான எடுத்துக்காட்டு மக்கள் நலப் பணியாளர்கள். ஒரு கட்சி ஆட்சியில் எடுக்கப்பட்டு, மறு கட்சி ஆட்சிக்கு வந்ததும் 1991, 2001, 2011 என்று மூன்று முறை வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களிலும் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். ஆட்சி மாற்றத்தோடு கலைந்துபோகிற வேலையை நம்பி யாரும் பொதுவாழ்வு என்று பெரிய பேர் வைத்துக்கொள்ள முடியாது.

1996-க்கு முன் உள்ளாட்சி மன்றங்களில் பெண் என்றால் பெரும்பாலும் நியமன உறுப்பினர்தான். 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, மகளிர், குழந்தைகள் நலனில் ஆர்வமுள்ள இரண்டு பெண்களை மன்றத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது. ஊர்ப் பெரிய குடும்பத்து அம்மா ஒருவர், கூட்டத்துக்கு வராமலே மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை முடித்துவைத்தது. மூன்றில் ஒரு பங்கு இடமும், அதே அளவு தலைவர் பதவியும் பெண்களுக்கு. 2016-இல் அது பாதியாக உயர்ந்தது.

நாற்காலி கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதை யூனியன் ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஊராட்சித் தலைவர் தனியாக ஒரு ரூபாய் எடுக்க முடியாது. துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீடு. துணைத்தலைவர் பதவி ஒதுக்கீடு இல்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது. ஆக, ஒதுக்கீட்டால் நாற்காலியை இழந்த ஊர்ப் பெரியவர் துணைத்தலைவராக உள்ளே வந்து செக்கை மடியில் வைத்துக்கொள்வார். மூன்று மாதம் கையெழுத்து வராவிட்டால் மோட்டார் பழுதுபார்த்தவருக்குக் கூலி போகாது, தெருவிளக்கு எரியாது, ஊர் தலைவரம்மாவைத் திட்டும். அதற்கு மேல் ஊராட்சிச் செயலர். கணக்கு, கடிதம், கணினி எல்லாம் அவர் கையில். பத்து ஊராட்சித் தலைவர்களைப் பார்த்தவர் அவர்; தலைவர் பார்ப்பது அந்த ஒரு செயலரை மட்டும். அதற்கும் மேல் மாவட்ட ஆட்சியர். சட்டத்தின் 205-ஆம் பிரிவு தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரை எந்த அதிகாரியும் நீக்க முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை நீக்கலாம். இந்த வேற்றுமையை நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

பிறகு அந்தப் பழைய புகார்: பெண் தலைவர் பெயருக்குத்தான், நடத்துவது வீட்டுக்காரர். உண்மைதான், பல ஊர்களில் நடக்கிறது. ஆனால் இந்தப் புகாரைச் சொல்கிறவர்கள் பேசாமல் விடுகிற ஒன்று உண்டு. கிளார்க் நீட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தக்காரர் சொன்னபடி ஆடுகிற ஆண் தலைவரைப் பினாமி என்று யாரும் சொல்வதில்லை. அவரை ‘அனுசரித்துப் போகிறவர்’ என்பார்கள். அதுமட்டுமின்றி, முதல் ஆண்டு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு யூனியன் ஆபீசுக்கு வந்தவர் மூன்றாம் ஆண்டு தனியாக வந்து பிடிஓவோடு சண்டை போடுவது இந்த வட்டாரத்தில் அபூர்வமான காட்சி இல்லை. பழகுவதற்கு அவருக்கு இரண்டு ஆண்டு ஆகிறது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு. மிச்சம் மூன்று.

அந்த மூன்றையும் கத்தி முடித்துவைக்கலாம். மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலியை நெருங்கும்போது வரும் ஊர் தாழையூத்து. சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட ஊர். 2006-இல் அதன் ஊராட்சித் தலைவரானவர் பி. கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகப் பெண். துடிப்பாக வேலை செய்த தலைவர் என்று பெயர் எடுத்தார். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்டும் முயற்சி பகையை வளர்த்தது. மிரட்டல் இருப்பதாக முன்கூட்டியே புகார் கொடுத்திருந்தார். 2011 ஜூன் 13 அன்று இரவு, ஆட்டோவில் வீடு திரும்பும் வழியில் ஒரு கும்பல் அவரை வெட்டிச் சாய்த்தது. உடல் முழுக்க வெட்டு, காது துண்டிக்கப்பட்டது, உயிர் பிழைத்தது மருத்துவர்களின் சாதனை. குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2025-இல். பதினான்கு ஆண்டு.

1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 110-ஆம் பிரிவைப் படித்தால் ஒன்று விளங்கும். ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய கடமைகளை அது வரிசைப்படுத்துகிறது: சாலை, விளக்கு, வடிகால், பொதுக் கழிப்பறை, குடிநீர், சுடுகாடு. கிருஷ்ணவேணி மேல் விழுந்த வெட்டு சட்டம் கட்டளையிட்ட வேலைக்காக விழுந்தது. மாநகராட்சிக்கு வேறு சட்டம். ஆனால் குடிநீர் அங்கேயும் அடிப்படைக் கடமைதான். அப்படிப் பார்த்தால் லீலாவதியும் புரட்சி எதுவும் செய்துவிடவில்லை. இந்த இரண்டு பெண்களையும் ‘துணிச்சல்காரர்கள்’ என்று புகழ்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கடமையைச் செய்வதற்கே உயிரைப் பணயம் வைக்கும் துணிச்சல் தேவைப்படுகிறது என்றால், வெட்கப்பட வேண்டியது ஊரும் அரசும். இவர்களுக்கு நடுவில் இன்னொரு பெயரும் உண்டு: சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தின் தலித் ஊராட்சித் தலைவர் மேனகா, 2001-இல் தன் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார்.

சீருடை போட்டாலும் விலக்கு இல்லை. 2024 செப்டம்பரில் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை முன் ஒரு கொலையைக் கண்டித்து நடந்த மறியலில், கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்த பெண் டிஎஸ்பியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தாக்கினார்கள். அந்தக் காட்சியைத் தமிழ்நாடே செல்பேசியில் பார்த்தது. இந்த வட்டாரத்தில் வெளியில் வந்து அதிகாரத்தோடு நிற்கிற பெண்ணை ஊரின் ஒரு பகுதி இன்னும் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று தேட வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வாழ்க்கையும் இதே வறண்ட நிலத்தில் நடந்திருக்கிறது. மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் பக்கம் பில்லுசேரி. சின்னப்பிள்ளை அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த விவசாயக் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் திரட்டி, நிலக்காரரிடம் கூலி பேசி, கூட்டத்தை நடத்திச் செல்கிற கொத்துத் தலைவி. தேர்தல் இல்லாமல், ஒதுக்கீடு இல்லாமல், வேலை செய்பவர்களே ஏற்றுக்கொண்ட தலைமை அது. 1990 வாக்கில் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழு இயக்கம் அந்தப் பகுதியில் தொடங்கியபோது அதில் சேர்ந்தார். கந்துவட்டிக்கு மாற்றாகப் பெண்கள் தாங்களே சேர்த்து, தாங்களே கடன் கொடுத்துக்கொள்வது அதன் அடிப்படை. ஊர்க் கண்மாயின் மீன்பாசிக் குத்தகையைப் பெண்கள் எடுப்பதற்கு அவர் தலைமை தாங்கியது அந்த வாழ்க்கையின் முக்கியமான திருப்பம். கண்மாய் மீன் ஏலம் என்பது ஊரில் யார் பெரியவர் என்று ஆண்டுதோறும் அளந்து காட்டும் நாள். அந்த ஏலத்தில் கூலிக்காரப் பெண்கள் கேட்டு எடுத்தால் அளவுகோலே மாறிவிடும். மிரட்டல் வந்தது, மாவட்ட நிர்வாகம்வரை போய் நின்றார்கள், எடுத்தார்கள்.

2001 சனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் நாடெங்கும் போனது. 2019-இல் பத்மஸ்ரீ. இத்தனைக்கும் பிறகு, 2024 மார்ச்சில் மாநில அரசு அவருக்கு ஒரு வீடு கட்டித்தர உத்தரவிட்டது செய்தியாயிற்று. அதாவது அதுவரை அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வீடு இல்லை. விருது கொடுப்பதில் நமக்கு இருக்கும் வேகம் பட்டா கொடுப்பதில் இல்லை.

சின்னப்பிள்ளை முப்பது ஆண்டுக்கு மேல் பொதுவாழ்வில் நின்றார். லீலாவதி ஆறு மாதம், கிருஷ்ணவேணி ஐந்து ஆண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி எதுவும் இல்லாதவர்தான் நீண்டகாலம் நின்றிருக்கிறார். மூன்று பேரின் வாழ்க்கையை வைத்துக் கணக்குப் போட முடியாது என்பது உண்மை. ஆனால் காரணத்தைத் தேடலாம். சின்னப்பிள்ளையைச் சுற்றிப் பல்லாயிரம் பெண்களின் சேமிப்பும் கூட்டமும் இருந்தன. அவருக்குப் பதவி கொடுத்தது குழு. ஐந்தாண்டு முடிந்ததும் பறிக்க யாரும் இல்லை. லீலாவதிக்கும் மாதர் சங்கம் இருந்தது. அவர் கொல்லப்பட்ட பிறகு அந்தச் சங்கமும் கட்சியும்தான் வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டன. ஊராட்சித் தலைவர் பதவிக்குச் சட்டப்படி கட்சிச் சின்னம் கிடையாது. ஒருவகையில் அது நல்லதுதான். ஆனால் அடி விழும்போது அந்தப் பெண் தனியாக நிற்கிறாள் என்பது அதன் மறுபக்கம்.

பெண் தலைவர்கள் வந்தால் தண்ணீருக்குச் செலவு கூடுகிறது என்பது வெறும் நம்பிக்கை இல்லை. ராகவேந்திர சட்டோபாத்யாயாவும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டங்களைப் பார்த்தது. குலுக்கல்போல ஒதுக்கீடு விழுந்த ஊராட்சிகளையும் விழாதவற்றையும் ஒப்பிட்டபோது, பெண் தலைவர்கள் குடிநீருக்கு அதிகம் செலவிட்டிருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து டுஃப்லோ மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. முதல் முறை பெண் தலைவரைப் பார்த்த ஊர் அவரைக் குறைவாகவே மதிப்பிட்டது. அடுத்தடுத்து இரண்டு தேர்தலில் பெண்ணையே தலைவராகப் பார்த்த ஊர்களில், பிறகு பெண்கள் தாங்களாகவே நிற்பதும் வெல்வதும் கூடியது. ஆண்கள் பழகிக்கொள்ளவும் பெண்கள் துணியவும் இரண்டு சுற்று தேவைப்படுகிறது.

தமிழ்நாடு இதைத் தற்செயலாகவோ தெரிந்தோ சரியாகவே செய்தது. பல மாநிலங்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒதுக்கீட்டைச் சுழற்றியபோது, இங்கே இரண்டு பதவிக்காலத்துக்கு ஒருமுறை சுழற்ற வழி செய்தார்கள். 1996-இல் வந்த பெண் 2001-இலும் நிற்கலாம். 2006-இல் வந்தவர் 2011-இலும் நிற்கலாம். பத்து ஆண்டு என்பது ஒரு பொதுவாழ்வுக்குப் போதுமான தொடக்கம். கண்மாய் மடையைச் சீரமைக்க மனுப் போட்டு, மதிப்பீடு வாங்கி, நிதி வந்து, வேலை முடிவதற்கே சில சமயம் ஐந்து ஆண்டு போய்விடுகிறது.

அந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது தேர்தலே நடத்தாத பழக்கம். இது இன்று வந்த நோய் இல்லை. 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது 1986-இல்தான். அது முடிந்து 1991 முதல் 1996 வரை தனி அலுவலர்கள். 73-வது திருத்தம் வந்த பிறகு இனி இப்படி நடக்காது என்று நம்பினோம். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-உ பிரிவு. இருந்தும் 2016 அக்டோபரில் நடக்கும் என்று அறிவித்த தேர்தலை, அறிவிக்கை முறையாக இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2019 டிசம்பர் 27, 30 தேதிகள்வரை மூன்று ஆண்டுக்கு மேல் ஊர்களில் தலைவர் இல்லை. பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் திருத்திய அதே ஆண்டில், அந்தப் பாதியில் ஒருவர்கூட உட்காராத மூன்று ஆண்டுகள் தொடங்கின. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று நடுவண் நிதிக்குழு மானியமும் அந்தக் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. 2019-இல் வந்தவர்கள் 2020 சனவரியில் பொறுப்பேற்றார்கள். இரண்டு மாதத்தில் கொரோனா. 2025 சனவரி 5-ஆம் தேதி விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் அவர்கள் காலம் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்.

தனி அலுவலர் என்றால் நடைமுறையில் பிடிஓதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு பிடிஓ நாற்பது, ஐம்பது ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வராத அன்று அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. கிராமசபை ஆண்டுக்கு ஆறு என்று 2022-இல் உயர்த்தினார்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் அதில் ஒன்று. தலைவர் இல்லாத ஊரில் அந்தக் கூட்டம் அதிகாரி படித்து முடிக்கும் அறிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

பதவி போன பெண் என்ன ஆகிறாள்? ஆண் தலைவர் பதவி போனாலும் கட்சியின் ஒன்றியச் செயலாளராக, ஒப்பந்தக்காரராக, கூட்டுறவுச் சங்க இயக்குநராக ஊரில் சுற்றிக்கொண்டே இருப்பார். டீக்கடை அவருக்கு அலுவலகம். பெண் தலைவருக்கு அந்த டீக்கடை கிடையாது. ஐந்தாண்டு முடிந்ததும் வீடு, இல்லாவிட்டால் நூறு நாள் வேலை. கற்ற நிர்வாகம் அத்தனையும் அடுப்படியில் கிடக்கும். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. குழுவிலிருந்து மன்றத்துக்குப் போவதும், மன்றத்திலிருந்து குழுவுக்குத் திரும்புவதும் அங்கே சகஜம். அங்கே 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறாமல் நடந்துவருவதும் அதற்குத் துணை. நம் குழுக்களும் எண்ணிக்கையில் குறைந்தவை இல்லை. கடன் வாங்கிக் கொடுக்கும் வாசலாக அவற்றை நாமே சுருக்கிவிட்டோம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மாதம் ஒருமுறை கூடுகிறது என்றால், அங்கே தவணை பாக்கியோடு தண்ணீர்த் தொட்டியின் கணக்கையும் படித்தால் என்ன? முன்னாள் தலைவரம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால் என்ன?

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். வறண்ட நாட்டில் பெண்ணுக்குப் பதவி கொடுப்பதைச் சட்டம் செய்துவிட்டது. அந்தப் பதவியைத் தாண்டியும் அவள் நிற்பதற்கு மூன்று தேவைப்படுகின்றன: முன்னும் பின்னும் அவளைத் தாங்கும் ஒரு சங்கம், மிரட்டல் புகார் கொடுத்த அன்றே கிடைக்கும் பாதுகாப்பு, தவறாத தேர்தல். முதலாவது பெண்கள் கையில் இருக்கிறது. அதை அவர்கள் பலமுறை கட்டிக்காட்டியிருக்கிறார்கள். மற்ற இரண்டும் அரசின் கையில். துணைத்தலைவரின் இணைக் கையொப்பத்துக்குக் கெடு விதிப்பது, 205-ஆம் பிரிவைத் திருத்துவது எல்லாம் செய்ய வேண்டியவைதான். ஆனால் மன்றமே இல்லாத ஊரில் மன்றத் தலைவரின் அதிகாரத்தைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியதை நேராகக் கேட்போம். ஊராட்சித் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்துங்கள். 2019-இல் பெண்களுக்கு ஒதுக்கிய ஊர்களில் இரண்டாவது சுற்றையும் அவர்களுக்கே விடுங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களில் அன்று பொறுப்பேற்ற பெண்கள் இப்போது வேலை தெரிந்தவர்கள்; அவர்களை மறுபடியும் நிற்க விடுங்கள்.